மூன்றாவது தாங்கி

கன்னியம்மா வீட்டுக் கூடத்தின் குறுக்கே போகும் உத்தரம் தொங்க ஆரம்பித்து ஒன்றரை வருஷம் ஆகிவிட்டது. எர்ணாவூர் மறுகுடியமர்வுக் குடியிருப்பு, பதினாலாவது பிளாக், இரண்டாவது மாடி. அரசாங்கம் கட்டிக் கொடுத்த வீட்டில் எது தொங்கினாலும் அதற்கு ஓர் அலுவலகம் உண்டு, அந்த அலுவலகத்துக்கு ஒரு படிவம் உண்டு என்பதெல்லாம் அப்போது அவளுக்குத் தெரியாது. முதலில் உத்தரத்தின் நடுவில் முடி கனத்துக்கு ஒரு கோடு தெரிந்தது. பிறகு காரை பெயர்ந்து சோற்றுப் பானையில் விழுந்தது. பிறகு உள்ளேயிருந்த கம்பி துருப்பிடித்த பல்லைக் காட்டியது. மேல்வீட்டு ஷம்ஷாத் தையல் மெஷினை மிதிக்கும்போதெல்லாம் கீழே உத்தரம் முனகியது. கன்னியம்மா மனு எழுதி எடுத்துக்கொண்டு கல்மண்டபத்தில் இருக்கும் உள்விசை ஆய்வு ஆணையத்துக்குப் போனாள்.

அந்த ஆணையத்தைப் பற்றி இங்கே நாலு வார்த்தை சொல்லியாக வேண்டும். கட்டடங்களுக்குள் வேலை செய்யும் கண்ணுக்குத் தெரியாத விசைகளை ஆராய்வதற்காக ஏற்படுத்தப்பட்டது அது. கண்ணுக்குத் தெரிகிற எதுவும் அதன் வரம்புக்குள் வராது. விரிசல் கண்ணுக்குத் தெரியும். எனவே விரிசல் வெளிப்பரப்புப் பிரிவைச் சேர்ந்தது. வெளிப்பரப்புப் பிரிவு இன்னும் தொடங்கப்படவில்லை. தொங்குவதும் கண்ணுக்குத் தெரியும் என்பதால், மனுவில் 'தொங்குகிறது' என்று இருந்ததை அடித்துவிட்டு 'உள்விசை குறித்து ஐயம் ஏற்பட்டுள்ளது' என்று எழுதிக்கொண்டு வரச் சொன்னார்கள். கன்னியம்மா மீன் கூடையை வாசல் காவலாளியிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று தடவை படியேறி, மூன்று தடவையும் பக்கத்துக் கடையில் மாற்றி எழுதி வாங்கினாள். அவளுக்கு ஏற்பட்டிருந்தது ஐயம் இல்லை, பயம். படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

மனுவை வாங்கிக்கொண்டவர்கள் பதினாலு மாதம் வாயைத் திறக்கவில்லை.

இதற்குள் கன்னியம்மாவின் ஒரே மகள் உதயா வளைகாப்பு முடிந்து, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்து சேர்ந்தாள். கூடம் ஒன்றுதான் அந்த வீட்டில் கால் நீட்டிப் படுக்கக்கூடிய இடம். அதற்கு நேர் மேலேதான் உத்தரம். கன்னியம்மாவின் புருஷன் பொன்னுரங்கம் காசிமேட்டில் ஒரு விசைப்படகில் இன்ஜின் டிரைவர். மீன்பிடித் தடைக்காலத்தில் படகைக் கரையேற்றி, தண்ணீருக்குள் இருக்கும் விசிறியைச் சுழற்றும் இரும்புத் தண்டான ஷாஃப்டைக் கழற்றிப் புதுசு போட்டார்கள். பழைய ஷாஃப்ட் ஒரு முனையில் தேய்ந்திருந்தது. மற்றபடி கடப்பாரையை விட நல்ல இரும்பு, ஒன்பதடிக்குக் கொஞ்சம் குறைச்சல், கை நிறையப் பிடிக்கும் கனம். அவர் முதலாளியிடம் கேட்டு வாங்கி, நாலு பேர் தோளில் வைத்து மாடியேற்றி, அடியில் ஒரு பலகை, மேலே ஒரு பலகை வைத்து, உத்தரத்தின் நடுவில் நிமிர்த்தி நிறுத்தி, ஆப்பு அடித்தார். மூன்றாவது அடிக்கு உத்தரம் முனகுவதை நிறுத்தியது. ஷம்ஷாத் இறங்கி வந்து பார்த்தாள். தன் வீட்டுத் தரை குளம்போல் பள்ளமாகிக்கொண்டிருந்தது நின்றுபோனதில் மனம் நிறைந்து, மத்தியானம் ஒரு சட்டி தால்ச்சா கொடுத்தனுப்பினாள்.

சரியாகப் பன்னிரண்டாவது நாள் ஆணையத்தின் உதவிப் பொறியாளர் ஜெரால்ட் வந்து கதவைத் தட்டினான்.

ஜெரால்ட் ராயபுரத்துப் பிள்ளை. அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். கையில் நாடா, பை நிறையப் படிவம், முகத்தில் யாரோ பின்னாலிருந்து பார்த்துக்கொண்டிருப்பது போன்ற கலக்கம். உள்ளே நுழைந்தவன் உத்தரத்தைப் பார்க்கவில்லை. ஷாஃப்டைப் பார்த்தான். பார்த்தவன் அப்படியே நின்றுவிட்டான்.

"இங்கே மூன்றாவது தாங்கி ஒன்று நிற்கிறதே, இதை வைக்க யார் அனுமதி கொடுத்தார்கள்?"

"நீ வர்ற வரைக்கும் அது தாங்காது சார். அதான் எங்க வூட்டுக்காரரு நிக்க வெச்சாரு," என்றாள் கன்னியம்மா.

அவன் தரையில் உட்கார்ந்து விளக்கினான். ஆணையத்தின் படிவத்தில் உத்தரம் என்றால் இரண்டு முனையிலும் இரண்டு தாங்கிகள். மேலும் கீழுமாகப் போகும் விசைகள் ஒத்துப்போக வேண்டும், பக்கவாட்டில் போகிறவை ஒத்துப்போக வேண்டும், உத்தரத்தைச் சுழற்றப் பார்க்கிறவை ஒத்துப்போக வேண்டும். ஆக மூன்று சமன்பாடுகள், கண்டுபிடிக்க வேண்டியவையும் மூன்று. அரை மணியில் கணக்கு முடிந்து வெட்டு விசைக்கு ஒரு படம், வளைக்கும் விசைக்கு ஒரு படம் போட்டு வீட்டுக்குப் போய்விடலாம். இப்போது நடுவில் ஒன்று நிற்கிறது. கண்டுபிடிக்க வேண்டியவை நாலு ஆகிவிட்டன, சமன்பாடு மூன்றுதான். நாலாவதைக் கண்டுபிடிக்கவும் கல்லூரியில் அவனுக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆனால் படிவத்தில் மூன்று வரிதான் அச்சடித்திருந்தது.

ஷாஃப்டை எடுத்துவிட்டால் இன்றே கணக்கை முடித்துவிடுவதாகச் சொன்னான். எடுத்தால் உத்தரம் கீழே வந்துவிடும் என்றாள் அவள். வந்தாலும் கணக்கு சரியாக வரும் என்று சொல்ல வாயெடுத்து, மூலையில் உட்கார்ந்திருந்த உதயாவின் வயிற்றைப் பார்த்து நிறுத்திக்கொண்டான். கிளம்பும்போது குரலைத் தாழ்த்தி, மேலே வைத்திருக்கும் பலகை இன்னும் இரண்டடி நீளமாக இருந்தால் நல்லது, இல்லையென்றால் தாங்கும் இடத்தில் உத்தரத்தின் முதுகில் விரிசல் விடும் என்றான். அந்த ஆணையம் பதினாலு மாதத்தில் சொன்ன உருப்படியான வாக்கியம் அது ஒன்றுதான். அது கோப்பில் ஏறவில்லை. பொன்னுரங்கம் அன்றைக்கே பலகையை மாற்றினார்.

அடுத்த வாரம் கல்மண்டபத்தில் விசாரணை. ஆணையத்தின் தலைமைப் பகுப்பாய்வாளர் சண்முகவேல் நடுவில் உட்கார்ந்திருந்தார். முகத்தில் எப்போதும் இப்போதுதான் சாப்பிட்டு எழுந்தவரின் திருப்தி. விசாரணைக்கு முன்னால் எல்லாரும் எழுந்து உள்விசைகளுக்காக ஒரு நிமிஷம் மௌனம் காத்தார்கள். யாரோ செத்துவிட்டார் போலிருக்கிறது என்று கன்னியம்மாவும் தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு நின்றாள். பிறகு சண்முகவேல் பேசினார்.

"அம்மா, எங்கள் கணக்குப்படி உங்கள் உத்தரம் ஆறு மில்லிமீட்டர் மட்டுமே தொங்க வேண்டும். அது அறுபது மில்லிமீட்டர் தொங்குகிறது என்றால் அதற்குக் கணக்கு பொறுப்பாகாது, உத்தரம்தான் பொறுப்பு. இருபத்தெட்டு வருஷ சேவையில் ஆயிரக்கணக்கான உத்தரங்களுக்கு நான் சான்று கொடுத்திருக்கிறேன். ஒன்றைக்கூட நேரில் பார்த்ததில்லை. பார்த்தால் மனசு அதன் பக்கம் சாய்ந்துவிடும். ஒரு பகுப்பாய்வாளனுக்கு நடுநிலை முக்கியம்."

பக்கத்தில் இருந்தவர்கள் தலையாட்டினார்கள். ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

நிற்கும் பொருள் என்ன என்று கேட்டார்கள். படகு ஷாஃப்ட் என்றார் பொன்னுரங்கம். அறையில் ஒரு சலசலப்பு. பட்டியல் புத்தகம் புரட்டப்பட்டது. தூண் என்றால் ஒரு பிரிவு, சுவர் என்றால் ஒரு பிரிவு. ஷாஃப்ட் என்றால் முறுக்கு விசைப் பிரிவு. சுழலும் தண்டு எந்த அளவு முறுக்கைத் தாங்கும் என்று சோதித்துச் சான்று பெறாமல் எந்தக் கட்டடத்திலும் ஷாஃப்ட் இருக்கக் கூடாது என்று தெளிவாக எழுதியிருந்தது.

"அது சுத்தல சார். நிக்குது," என்றாள் கன்னியம்மா.

சண்முகவேல் அவளைப் பரிதாபமாகப் பார்த்தார். "ஷாஃப்ட் சுழல்வதற்காகவே பிறந்தது அம்மா. நிற்பது அதன் தற்காலிக நிலை. இன்றைக்குச் சுழலாதது நாளைக்கும் சுழலாது என்பதற்கு உங்களிடம் என்ன அத்தாட்சி இருக்கிறது?"

அவளிடம் ரேஷன் கார்டும் ஆதாரும் வீட்டு ஒதுக்கீட்டு ஆணையும் இருந்தன. அத்தாட்சி இல்லை.

முறுக்கு விசைப் பிரிவின் தலைவர் தேவப்பிரியம் ஓய்வு பெற இரண்டு மாதம் பாக்கி இருந்தது. பிரிவு தொடங்கி ஒன்பது வருஷம். குடியிருப்புக் கட்டடங்களில் ஷாஃப்ட் இருப்பதில்லை என்பதை யாரும் யோசிக்காமல் தொடங்கிய பிரிவு அது. ஒன்பது வருஷத்தில் ஒரு கோப்பும் வரவில்லை. வெளிநாட்டிலிருந்து வரவழைத்த முறுக்குச் சோதனை இயந்திரம் நீல பிளாஸ்டிக் உறைக்குள் இருந்தது. ஆயுத பூஜைக்குச் சந்தனம், குங்குமம் வைப்பார்கள். கிறிஸ்துமஸுக்கு மேலே நட்சத்திரம் கட்டுவார்கள். மற்ற பிரிவுக்காரர்கள் அதன்மேல் டிபன் கேரியர் வைப்பதைத் தடுப்பதே தேவப்பிரியத்தின் அன்றாட வேலை. எர்ணாவூரில் ஒரு வீட்டில் ஷாஃப்ட் இருக்கிறது என்று கேள்விப்பட்டதும் மனுஷன் கோப்பைக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

மறுநாளே ஆறு பேரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டார். ஷாஃப்டின் மேல் மேலிருந்து கீழாகச் சாக்பீஸால் ஒரு கோடு கிழித்தார்கள். ஷாஃப்ட் முறுக்கிக்கொண்டால் கோடு சாயும் என்று, ஆறு பேரும் அதைச் சுற்றி உட்கார்ந்து மூன்று மணி நேரம் பார்த்தார்கள். உதயா அவர்களைத் தாண்டித் தாண்டிச் சமையல்கட்டுக்குப் போய் வந்தாள். கோடு சாயவில்லை. முறுக்குக் கோணம் சுழியம் என்று எழுதி, 'சந்தேகத்துக்கு இடம் தரும் வகையில்' என்று தேவப்பிரியம் பக்கத்தில் சேர்த்தார். பிறகு இரண்டு பேர் பைப் ரிஞ்சு போட்டு ஷாஃப்டைத் திருக முயன்றார்கள். உத்தரத்திலிருந்து காரை பொலபொலவென்று கொட்டியது. கன்னியம்மா தோசைத் திருப்பியோடு ஓடி வந்து அந்த இருவரையும் வாசலுக்குத் துரத்தினாள். அதுவும் 'பயனாளியின் எதிர்விசை' என்று அறிக்கையில் ஏறியது.

மூன்றாம் நாள் ஆணை வந்தது. ஷாஃப்டை ஆய்வகத்துக்குக் கொண்டுபோய்ச் சோதிக்க வேண்டும். ஒத்துழைக்க மறுத்தால் வீட்டு ஒதுக்கீடு ரத்து. அந்தக் கடைசி வரியைப் பொன்னுரங்கம் இரண்டு தடவை படித்தார். உதயாவுக்கு ஒன்பதாவது மாதம். இந்த வீட்டை விட்டால் கூட்டிப்போய் வைக்க அவர்களுக்கு வேறு கூரை கிடையாது. உள்விசை பற்றி ஆணையத்துக்குத் தெரிந்ததோ இல்லையோ, மனுஷனை எந்த இடத்தில் அழுத்தினால் வளைவான் என்பது நன்றாகத் தெரிந்திருந்தது.

அவர்கள் ஷாஃப்டைக் கழற்றியபோது உத்தரம் போட்ட சத்தத்தில் ஷம்ஷாத் மேலேயிருந்து ஓடி வந்தாள். ஜெரால்ட் ஒரு ரசீது கொடுத்தான். ஷாஃப்ட் நின்ற இடத்தில், தரையில் ஒன்றும் உத்தரத்தின் அடியில் ஒன்றுமாக அரக்கு முத்திரை வைத்து, இடையில் நூல் கட்டினார்கள். ஆய்வு முடியும்வரை அந்த இடத்தில் எதையும் நிறுத்தக் கூடாது. நூல் அறுந்திருக்கிறதா என்று பார்க்கத் தினம் காலையில் ஒரு போலீஸ்காரர் வருவார். அதுவரைக்கும் உத்தரத்தை எது தாங்கும் என்று பொன்னுரங்கம் கேட்டார். அதற்காகத்தான் சுமைக் குறைப்பு ஏற்பாடு செய்திருப்பதாகத் தேவப்பிரியம் சொன்னார்.

சுமைக் குறைப்பு என்பது மேல்வீட்டில் சாக்பீஸ் கோடு போடுவது. உத்தரத்தின் நடுப்பகுதியில்தான் வளைக்கும் விசை அதிகம் என்பதால், ஷம்ஷாத் வீட்டுத் தரையின் நடுப்பகுதியில் யாரும் நிற்கவோ நடக்கவோ கூடாது. சுவரோரமாகப் போகலாம். ஒரே சமயத்தில் இரண்டு பேருக்கு மேல் இருந்தால் எதிரெதிர்ச் சுவரில் இருக்க வேண்டும். தையல் மெஷினை அறையின் மூலைக்குத் தள்ளினார்கள். அங்கே வெளிச்சம் இல்லை.

"நாங்க இன்னா பல்லியா சார், சொவுத்துல ஒட்டிக்கினு இருக்கறதுக்கு?" என்று கேட்டாள் ஷம்ஷாத். பல்லியின் எடையைக் கணக்கில் சேர்க்கத் தேவையில்லை என்று பதில் வந்தது.

உதயாவுக்குப் பெண் குழந்தை பிறந்தது. ஐந்தாம் நாள் ஆட்டோவில் வீடு வந்தபோது வாசல் கதவு திறக்கவில்லை. உத்தரம் இறங்கி நிலையை நசுக்கியிருந்தது. பொன்னுரங்கம் தோளால் இடித்துத் திறந்தார். கூடத்தின் நடுவே நூல். அதைச் சுற்றி உதிர்ந்த காரை. கன்னியம்மா மகளையும் பேத்தியையும் சமையல்கட்டில் அடுப்புக்கும் அலமாரிக்கும் நடுவில் படுக்க வைத்தாள். புகைச்சல் தாங்காமல் குழந்தை இருமிக்கொண்டே இருந்தது. அவள் மீன் விற்கப் போவதை விட்டுவிட்டு, கூடத்து வாசலில் உட்கார்ந்து உத்தரத்தைப் பார்த்துக்கொண்டே இருந்தாள். ஆணையத்தில் இருக்கிறவன் ஒவ்வொருத்தன் பேரையும் சொல்லி, அவன் வீட்டு விளக்கு எரியக் கூடாது என்று வாய்விட்டுச் சபித்தாள்.

உத்தரத்தில் தூளி கட்டுவதற்கு ஒரு கொக்கி இருந்தது ஆணையத்தின் நினைவுக்கு வந்து, குழந்தையின் எடையை வாரம் ஒருமுறை எழுதி அனுப்பும்படி ஒரு கடிதம் வந்தது. எடை கூடிக்கொண்டு போவது கவலை தரும் போக்கு என்று பதில் கடிதமும் வந்தது.

கடைசியில் சோதனைக்கு நாள் குறித்தார்கள். அழைப்பிதழ் அடித்திருந்தார்கள். பந்தல், குத்துவிளக்கு, இறைவணக்கம் எல்லாம் உண்டு. கன்னியம்மாவையும் பொன்னுரங்கத்தையும் முதல் வரிசையில் உட்கார வைத்து, சட்டையிலும் புடவையிலும் 'பயனாளி' என்று அட்டை குத்தினார்கள். தேவப்பிரியம் நீல உறையை எடுத்தபோது பிரிவே எழுந்து கைதட்டியது. ஷாஃப்டின் இரண்டு முனையையும் இயந்திரம் கவ்வியது. ஒரு முனை அசையாமல் நிற்க, மறுமுனை மெல்லத் திரும்பியது. மேலே கிழித்திருந்த சாக்பீஸ் கோடு சாய்ந்தது, வளைந்தது, கொடிபோல் சுற்றிக்கொண்டது. ஒவ்வொரு சுற்றுக்கும் கைதட்டினார்கள். எட்டாவது சுற்றில் ஷாஃப்ட் மடேரென்று இரண்டாக உடைந்தது. தேவப்பிரியம் அழுதுவிட்டார்.

"ஒன்பது வருஷம்," என்றார் ஒலிபெருக்கியில். "எங்கள் பிரிவு எதற்கு என்று கேட்டவர்கள் உண்டு. இதோ பதில். இந்த ஷாஃப்ட் தேவைக்கு மேல் நாலு மடங்கு உறுதியானது என்று நிரூபித்துவிட்டோம். இனி யாரும் இதைச் சந்தேகப்பட முடியாது."

பொன்னுரங்கம் எழுந்து போய் உடைந்த துண்டுகளைப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்தார். "ஏழு வருசம் கடல்ல சுத்திக்கினு கெடந்திச்சு, ஒடையல," என்றார் மனைவியிடம். "ஏசி ரூம்ல வெச்சு பத்து நிமிசத்துல ஒடச்சிட்டானுங்க."

துண்டுகள் மாதிரிப் பொருள் என்ற முறையில் அரசு உடைமை ஆயின. கன்னியம்மாவுக்கு லாமினேட் செய்த சான்றிதழ் உண்டு. விதிப்படி, சோதிக்கப்பட்ட உறுப்பு எந்த இடத்தில் நின்றதோ அந்த இடத்திலேயே தலைமைப் பகுப்பாய்வாளர் நேரில் வந்து சான்றிதழை நிறுவிக் கையெழுத்திட வேண்டும். அதுவரை முத்திரை நீடிக்கும்.

வியாழக்கிழமை காலையில் வெள்ளைக் கார் ஒன்று பதினாலாவது பிளாக்கின் கீழே வந்து நின்றது. பின்னால் ஒரு வேன். சண்முகவேல் மாடியேறி வந்தார். கூடவே தேவப்பிரியம், ஜெரால்ட், புகைப்படக்காரர், நூல் பார்க்கும் போலீஸ்காரர். வாசலில் செருப்பைக் கழற்றப்போன சண்முகவேல், கழற்றாமல் நிமிர்ந்து உள்ளே பார்த்தார். இருபத்தெட்டு வருஷத்தில் அவர் பார்க்கும் முதல் உத்தரம். அது மேலேயிருந்து இறங்கி வந்து அவரைப் பார்த்துக்கொண்டிருந்தது.

கன்னியம்மா கூடத்தின் நடுவில் ஒரு நாற்காலி போட்டு, அதன்மேல் துண்டு விரித்து வைத்திருந்தாள். வாங்க சார், வந்து உட்கார்ந்து கையெழுத்துப் போடுங்கள் என்று மரியாதையாகக் கூப்பிட்டாள். சண்முகவேல் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். தனக்கு ரத்த அழுத்தம் இருப்பதாகவும், இந்தப் பெருமை முறுக்கு விசைப் பிரிவுக்கே உரியது என்றும் சொல்லித் தேவப்பிரியத்துக்கு வழிவிட்டார். தேவப்பிரியம், ஓய்வு பெற இன்னும் ஒன்பது நாள்தான் இருப்பதால் புதிய பொறுப்பு எடுத்துக்கொள்வது முறையாகாது என்றார். புகைப்படக்காரர் வெளியிலிருந்தே நன்றாக விழும் என்றார். எல்லாரும் ஜெரால்டைப் பார்த்தார்கள். சுத்தியலையும் ஆணியையும் சான்றிதழையும் அவன் கையில் திணித்து, உள்ளே போய் உத்தரத்தில் அடித்துவிட்டு வரச் சொன்னார் சண்முகவேல்.

ஜெரால்ட் வாசற்படியில் ஒரு கால் வைத்தான். மேலே பார்த்தான். காலை எடுத்துவிட்டான்.

"சார், என் வூட்ல சின்னக் கொழந்த கீது சார்."

சமையல்கட்டிலிருந்து பேத்தியைத் தூக்கிக்கொண்டு கன்னியம்மா கூடத்துக்கு வந்தாள்.

"இந்த வூட்லயும் கீது," என்றாள்.

சொன்னவள் அங்கே நிற்கவில்லை. உதயாவைக் கையைப் பிடித்து எழுப்பிக்கொண்டு, அதிகாரிகளை இடித்துத் தள்ளிக்கொண்டு படியிறங்கினாள். ஷம்ஷாத்தும் பின்னாலேயே இறங்கினாள். கீழே வெள்ளைக் கார் ஏசி ஓடிக்கொண்டிருக்க, கதவு பூட்டாமல் நின்றது; டிரைவர் டீக்கடையில் இருந்தார். கன்னியம்மா மகளையும் பேத்தியையும் பின் சீட்டில் படுக்க வைத்து, தானும் ஏறி உட்கார்ந்துகொண்டாள். ஷம்ஷாத் முன் சீட்டில் ஏறிக் கதவை இழுத்துச் சாத்தினாள். சண்முகவேல் மூச்சிரைக்க இறங்கி வந்து கண்ணாடியைத் தட்டினார். கன்னியம்மா அதை நாலு விரல் இறக்கினாள்.

"கொழந்தைய உறுதியான எடத்துல வெக்கணும் இல்ல சார். இந்த பிளாக்கு பூரா பாத்துட்டேன். இது ஒண்ணுதான் உறுதியா கீது."

அரசு வாகனத்தை ஆக்கிரமித்ததற்கு என்னென்ன தண்டனை என்று அவர் அடுக்கினார். கண்ணாடி ஏறிவிட்டது. போலீஸ்காரரைப் பார்த்தார். தனக்கு நூல் பார்க்கத்தான் உத்தரவு என்றார் போலீஸ்காரர். இதற்குள் பதினாலாவது பிளாக்கின் பெண்கள் எல்லாம் இறங்கி வந்து காரைச் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். சிலர் முறத்தில் அரிசியும் கொண்டுவந்திருந்தார்கள். எர்ணாவூர் வெயில் ஏறியது. தலைமைப் பகுப்பாய்வாளருக்கு நிற்க நிழல் இல்லை. பிளாக்கின் நிழலில் நிற்கலாம் என்று யாரோ சொன்னதற்கு, வேண்டாம் என்று அவசரமாக மறுத்துவிட்டார். பதினோரு மணிக்கு அவருக்குக் கால் வலித்தது. பதினொன்றரைக்கு, இந்த அம்மாவுக்கு என்னதான் வேண்டும் என்று ஜெரால்டிடம் கேட்டார்.

அவளுக்கு வேண்டியது ஒன்பதடி இரும்பு, ஒரு பலகை, ஆப்பு. காசிமேட்டில் சொல்லி வைத்திருந்த இன்னொரு பழைய ஷாஃப்ட் ஒரு மணி நேரத்தில் மீன் டெம்போவில் வந்து இறங்கியது. பொன்னுரங்கமும் மூன்று பேரும் அதை மாடியேற்றினார்கள். அரக்கு முத்திரையை ஜெரால்டே பிய்த்தான். இந்தத் தடவை அவன் வாசற்படியில் தயங்காமல் உள்ளே போய், பலகையின் ஒரு முனையைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். ஆப்பு அடித்த பிறகும் ஒரு மூலையில் விரலளவு சந்து இருந்தது. பொன்னுரங்கம் லாமினேட் செய்த சான்றிதழை எட்டாக மடித்து அதில் செருகி இன்னும் இரண்டு அடி அடித்தார். மேலே தையல் மெஷினை நடுவுக்கு இழுத்துவந்து மிதித்துப் பார்த்தார்கள். கீழே ஒரு முனகலும் இல்லை.

அதற்கப்புறம்தான் கன்னியம்மா காரை விட்டு இறங்கினாள். ஜெரால்ட் படிவத்தை எடுத்து வந்து காரின் முகப்பில் வைத்தான். தாங்கிகளின் எண்ணிக்கை என்று ஒரு கட்டம் காலியாக இருந்தது. மூன்று என்று எழுதினால் நாளைக்கு மறுபடி கோப்பு, மறுபடி முறுக்கு விசைப் பிரிவு, மறுபடி இந்த வெயில். சண்முகவேல் பேனாவைத் திறந்து வைத்துக்கொண்டு சுற்றியிருந்த பெண்களை ஒருமுறை பார்த்தார். பிறகு இரண்டு என்று எழுதினார். குறிப்பு என்ற இடத்தில், மூன்றாவது தாங்கி எதுவும் ஆய்வு அலுவலரின் பார்வைக்குத் தென்படவில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார்.

அதில் பொய் எதுவும் இல்லை. மனுஷன் அந்த வீட்டுக்குள் கால் வைக்கவே இல்லை.